76 விநாடி: பெரிய ஸ்டுடியோக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடி கோடியாகக் கொட்டி அறிவியல் புனைவுப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோக்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் படத்தின் ட்ரெய்லர் வந்த மறுநிமிடமே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வது இப்போது சடங்காகவே ஆகிவிட்டது. ஒரு பெண் கையில் ஆயுதத்தோடு முன்னால் வந்து நின்றால் போதும். 'திணிக்கிறார்கள், எல்லாம் வோக் (முற்போக்கு வேஷம்)' என்று ஒரு தரப்பு கத்தும். 'உங்களுக்குப் பெண்களைக் கண்டாலே ஆகாது' என்று மறுதரப்பு திருப்பிக் கொடுக்கும். இயக்குநர் திட்டு வாங்குவார், நடிகை அதைவிட அதிகம் வாங்குவார். இத்தனை அமளியிலும் பெரும்பாலும் சேதாரம் இல்லாமல் தப்பித்துவிடுவது நீங்கள்தான். அதனால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்த ரசிகர் கூட்டத்துக்குப் பெண் நாயகி என்றாலே பிடிக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் திரைக்கதையில், கப்பலின் ஊழியர்கள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், எந்த வேடத்தையும் யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு குறிப்பு உண்டு. அப்படித்தான் ரிப்ளி வேடம் சிகோர்னி வீவருக்கு வந்தது. அந்தப் படத்தில் ஒரு காட்சி. முகத்தில் ஏதோ ஓர் உயிர் கவ்விய சக ஊழியரைத் தூக்கிக்கொண்டு கேப்டன் கப்பல் வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்கிறார். உள்ளே பொறுப்பில் இருப்பது ரிப்ளி. நோய்த்தடுப்பு விதிப்படி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், திறக்க மாட்டேன் என்கிறாள். கேப்டன் அதட்டியும் அவள் அசையவில்லை. கடைசியில் வேறொருவன் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறான். அதன்பிறகு நடக்கும் அத்தனை கோரத்துக்கும் அதுதான் வாசல். அவள் ஒரு உதை உதைக்கவில்லை, வீர வசனம் பேசவில்லை. வேலை தெரிந்தவள், பயத்திலும் விதியை விடாதவள் என்பது இரண்டே நிமிடத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது. 1986இல் வந்த அடுத்த பாகத்துக்காக வீவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார். 1991இல் 'டெர்மினேட்டர் 2' படத்தின் சாரா கானரையும் இதே ரசிகர்கள்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

'ரிப்ளி மாதிரி எழுதினால் நாங்கள் ஏன் கத்தப் போகிறோம்?' என்று இன்று கத்துகிறவர்கள் கேட்பார்கள். பாதிப் பேருக்கு அது வெறும் சாக்கு. மீதிப் பேர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சொல்லுங்கள், உங்கள் பெண் கதாபாத்திரங்கள் மீது உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை? மார்வெலின் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு சாலையில் குதிப்பது பிளாக் விடோ என்ற நாயகி. அதே காட்சியை வைத்து 2015இல் கடைக்கு வந்த பொம்மைப் பெட்டியைத் திறந்தால், பைக்கில் உட்கார்ந்திருப்பது கேப்டன் அமெரிக்கா என்ற ஆண் நாயகன்! 'அயர்ன் மேன் 3' படத்தின் முதல் வரைவில் வில்லன் ஒரு பெண். பெண் உருவப் பொம்மை விற்காது என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவால்தான் ஆணாக மாற்றினோம் என்று அதன் இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் வெளிப்படையாகவே சொன்னார். ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' வந்தபோது விற்ற மோனோபொலி விளையாட்டில் லூக், வேடர், ஃபின், கைலோ ரென் என்று ஆண் பாத்திரங்கள் எல்லோரும் இருந்தார்கள். கதையே யாரைச் சுற்றி நடக்கிறதோ அந்த நாயகி ரே இல்லை. ஒரு சின்னப் பெண் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் சேர்க்கிறோம் என்றார்கள். இதையெல்லாம் செய்தது எந்த ரசிகரும் இல்லை. மாத வருமானம் வாங்கிக்கொண்டு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

அடுத்து நடிகை கெல்லி மேரி டிரான். 2017இல் 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் ரோஸ் டிகோவாக வந்தார். வெள்ளையர் அல்லாத ஒரு பெண்ணுக்கு ஸ்டார் வார்ஸ் படத்தில் அவ்வளவு பெரிய வேடம் அதற்கு முன் கிடைத்ததில்லை. மாதக்கணக்கில் இனவெறியும் ஆபாசமும் கலந்த வசவுகள் அவர் மேல் கொட்டின. 2018 ஜூனில் இன்ஸ்டாகிராம் பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டார். இயக்குநர் ரயன் ஜான்சனும் லூக்காக நடித்த மார்க் ஹாமிலும் அவருக்காகப் பேசினார்கள். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அவரே ஒரு கட்டுரை எழுதினார், ஒதுங்கிப்போக மாட்டேன் என்று. 2019 டிசம்பரில் அடுத்த படம் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. 142 நிமிடப் படம். அதில் ரோஸ் திரையில் தெரிவது சுமார் 76 விநாடி.

லேயாவாக நடித்து மறைந்த கேரி ஃபிஷரின் பழைய காட்சிகளோடு ரோஸ் வரும் காட்சிகளை இணைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் இருந்ததாக விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆனால் வசைபாடிய கூட்டம் அந்த விளக்கத்தையா படிக்கப் போகிறது? கத்தினோம், ஆள் காணாமல் போனாள், இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அடுத்த முறை இன்னும் சத்தமாகக் கத்துவதற்கு நீங்களே முன்பணம் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஃபின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். முதல் படத்தில் ஒளிவாளோடு போஸ்டரில் நின்றவனை அடுத்தடுத்த படங்களில் ஓரம் கட்டினீர்கள். ஒரு கறுப்பினக் கதாபாத்திரத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்திவிட்டு ஒதுக்காதீர்கள் என்று ஃபின்னாக நடித்த ஜான் போயேகா 2020இல் ஒரு பேட்டியில் சொன்னது உங்களைப் பார்த்துத்தான்.

ரே மேல் 'மேரி சூ' பட்டம் கட்டினார்கள். 1973இல் ஸ்டார் டிரெக் ரசிகர் கதைகளைக் கிண்டலடித்து பாலா ஸ்மித் எழுதிய ஒரு குட்டிக் கதையிலிருந்து வந்த பெயர் அது. எந்தக் குறையும் இல்லாத, எல்லாம் தெரிந்த நாயகி என்று பொருள். எக்ஸ்-விங் போர் விமானத்தில் ஏறிய முதல் சண்டையிலேயே டெத் ஸ்டார் என்ற எதிரிக் கோட்டையைத் தகர்த்த லூக்கை இப்படி யாரும் குடைந்து குடைந்து கேட்டதில்லை என்பது உண்மை. ஆனால் ரேக்கு நீங்கள் செய்த துரோகம் வேறு. 2017 படத்தில் அவள் பெற்றோர் பெயரில்லாத குப்பை வியாபாரிகள், குடிக்கக் காசுக்காக மகளை விற்றவர்கள். எங்கிருந்தோ வந்த ஒருத்திக்கும் 'ஃபோர்ஸ்' என்ற அந்தச் சக்தி வாய்க்கும் என்பது எவ்வளவு அழகான விஷயம்! 2019 படத்தில் அவள் வில்லனான பேரரசன் பால்படீனின் பேத்தி ஆகிவிட்டாள். மூன்று படக் கதைக்கு முதலிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தால் இந்தக் குளறுபடி வந்திருக்குமா?

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் அந்தச் சூதாட்ட நகரப் பகுதி இழுவை என்று சொல்பவரும், பெண்களின் காட்சிகளை வெட்டியெறிந்து படத்தையே 46 நிமிடமாகச் சுருக்கி இணையத்தில் போட்டவரும் ஒன்றா? படத்தை விமர்சிக்கிற எல்லோரையும் வெறுப்பாளர் என்ற ஒரே மூட்டையில் கட்டினால் உங்களுக்கு வசதிதான், மோசமான திரைக்கதைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேர்மையாகக் குறை சொன்னவர் கோபித்துக்கொண்டு எந்தப் பக்கம் போய்ச் சேர்வார் என்று யோசித்தீர்களா?

எண்ணிக்கைக்கு வருவோம், சுருக்கமாக. பிளாக் விடோ அறிமுகமானது 2010இல். அவளுக்கென்று தனிப்படம் 2021இல், அதுவும் 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் அவளைச் சாகடித்த பிறகு. அதே 'எண்ட்கேம்' படத்தின் கடைசிப் போரில் எல்லாப் பெண்களும் சில விநாடி ஒன்றாக வந்து நிற்பார்கள். கைதட்டலுக்காக வைத்த ஷாட் என்று பார்த்தவுடனே தெரியும். (அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி, அது வேறு விஷயம்.) பெண் நாயகியை வைத்து எடுத்த 'கேப்டன் மார்வெல்' உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2023இல் 'தி மார்வெல்ஸ்' படுத்தது, பெண்களை வைத்து எடுத்தால் இப்படித்தான் என்றார்கள். அதே ஆண்டு ஆண் நாயகனின் 'தி ஃபிளாஷ்' படமும் படுத்தது. இனி ஆண்களை வைத்துப் படம் எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?

2022இல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் நடித்த மோசஸ் இங்ராமுக்கு இனவெறிச் செய்திகள் வந்தபோது, ஸ்டார் வார்ஸின் அதிகாரபூர்வக் கணக்கே அவர் பக்கம் நின்றது. தொடரின் நாயகன் ஈவான் மெக்ரெகர் காணொளியில் வந்து கண்டித்தார். நல்ல விஷயம். ஆனால் இப்படி நடக்கக்கூடும் என்று ஸ்டுடியோவே தனக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்ததாக இங்ராம் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வரப்போவது உங்களுக்குத் தெரியும். தெரிந்தால் நடிகையின் கணக்குகளைக் கவனிக்கவும் மிரட்டல்களைக் காவல்துறைக்குக் கொண்டுபோகவும் ஆட்களை நியமிப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவர் கதாபாத்திரத்துக்கு அடுத்த பாகத்தில் என்ன வேலை என்பதை முதல் பாகம் வெளியாகும் முன்பே முடிவு செய்யுங்கள், சத்தம் அடங்கும்வரை காத்திருக்காதீர்கள். படம் சரியில்லை என்று நாங்கள் சொன்னால் படத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி முதல் நாளே பார்க்கும் ஒரு ரசிகை