மறதி என்று சொல்வதற்கு முன் காதைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு வந்திருக்கும் புது மருந்துகளைப் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள், நன்றி. ஆனால் ஒரு முழுப்பக்கத்தில், மறதியோடு தொடர்புள்ள காது கேளாமைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. எங்கள் வீட்டில் நான்கு வருடம் நடந்தது எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அப்பாவுக்கு இப்போது 76 வயது. இளவயதில் கட்டுமரம், அப்புறம் எஞ்சின் வைத்த வள்ளம். முப்பது வருடத்துக்கு மேல் அந்த எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியவர். வீட்டுக்குள் பேசினாலும் காற்றை எதிர்த்துக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார். எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப்பேர் அப்படித்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அப்பா கரையில் இருந்தார். அவரோடு வருடக்கணக்கில் ஒரே வள்ளத்தில் போய்வந்த கூட்டாளி கடலில் இருந்தார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. சீட்டு விளையாடுகிற இடத்துக்குப் போவது குறைந்தது. கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குப் போவது நின்றது. துபாயில் இருக்கும் தம்பி போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுவார். 'அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம்?' என்று தம்பி என்னிடம் அழுதிருக்கிறான். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சந்தைக்கு யார் போனார்கள் என்று பதில் வரும். நாங்களே முடிவு கட்டிவிட்டோம், அப்பாவுக்கு ஓர்மை போய்விட்டது என்று.

ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார். மூன்று வார்த்தை சொல்கிறேன், திருப்பிச் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அப்பா. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மறதி நோய் தொடங்கிவிட்டது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காது கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதவர்களில் நானும் ஒருத்தி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் நர்சிங் படிக்கும் என் அக்கா மகள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் லீவுக்கு வந்திருந்தாள். தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அப்பாவின் இரண்டு காதிலும் மாட்டிவிட்டு, நெஞ்சில் வைக்கிற முனையை வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்: 'பாட்டா, இன்னைக்கு என்ன கிழமை?'

'வெள்ளி. சாயங்காலம் சிலுவைப்பாதை உண்டு.'

பேரப்பிள்ளைகளின் பெயர், கடைசியாக விற்ற வலையின் விலை, எல்லாம் சொன்னார். கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துக் கடலுக்கடியில் இருக்கிற பார் என்னும் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கும் கணியம் கேட்டாள். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்து, 'இப்பிடிப் பேசினா நல்லா கேக்குதே மக்ளே' என்றார். அடுக்களைக்குள் போய் அழுதேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் வலது காதிலிருந்து கல்போல இறுகிப்போன அழுக்கை எடுத்தார். பிறகு ஆடியோகிராம் என்ற கேட்கும்திறன் சோதனை. நாள்பட்ட இரைச்சலில் உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் செத்துப்போகும், அவை திரும்ப முளைக்காது, முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் என்று விளக்கினார். அதனால் ஆள் பேசுவது கேட்கும், பேச்சு விளங்காது. 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் ஒன்றுபோல இருக்கும். ஊகித்துப் பதில் சொல்லிச் சொல்லி, ஊகம் தப்பியதும் நாங்கள் சிரித்துச் சிரித்து, அவர் பேச்சையே விட்டுவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, டிமென்ஷியாவுக்கு (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்கு) மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. அத்தனையையும் நீக்க முடிந்தால் உலகில் டிமென்ஷியா வருகிறவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்த 14-ல் பெரிய பங்கு இரண்டுக்குத்தான்: நடுவயதில் வரும் காது கேளாமை, கெட்ட கொலஸ்ட்ரால், தலா 7 சதவீதம். 2017 அறிக்கையிலும் 2020 அறிக்கையிலும்கூடக் காது இருந்தது. படிப்புக் குறைவு, மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் பட்டியலில் உண்டு. அப்பாவுக்கு நான்கும் இருந்தது. சரியாகக் கேட்காத மூளை, ஒலியைப் பிரித்தறியவே தன் பலத்தையெல்லாம் செலவழிக்கிறது, நினைவில் பதிக்க மிச்சம் இருப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. பேச்சு குறைந்து ஆள் ஒதுங்குவது இன்னொன்று. இரண்டாவதை நான் கண்ணால் பார்த்தேன்.

காது மெஷின் மாட்டினால் மறதி வராது என்று யாரும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை மூன்று வருடம் பார்த்த அச்சீவ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இதயநோய் அபாயம்போன்ற பிரச்சினைகள் ஏற்கெனவே கூடுதலாக இருந்த பிரிவினரிடம், மெஷின் போட்டவர்களின் சிந்தனைத்திறன் இறங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. நீங்கள் அரைப்பக்கம் கொடுத்த லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்து 18 மாதத்தில் இறக்கத்தைக் குறைத்தது 27 சதவீதம். அதுவும் நோய் ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்குத்தான். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் வேறுவேறு ஆட்களிடம் செய்த ஆய்வுகள், எண்களை நேருக்கு நேர் நிறுத்த முடியாது, தெரியும். ஆனாலும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்து சேரக்கூடியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அத்தனை பேருக்கும் காதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, இரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, கேளாத காது என்று மறதிபோலவே வேஷம் போட்டு வருகிறவை பல. அவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் மறதி நோய் என்று எழுதினால் போதாதா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு அக்கா வருகிறார். பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அவருக்கு இன்னும் ஐந்து நிமிடமும் கொஞ்சம் பயிற்சியும் கொடுத்தால் போதும். ஒரு கை தூரம் பின்னால் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுத்து, திருப்பிச் சொல்கிறார்களா என்று பார்க்கும் சோதனைக்குக் கருவியே வேண்டாம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கடற்கரைகளில் 50 வயது தாண்டி எஞ்சின் ஓட்டியவர்களிடம் இதை முதலில் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. மறதி வந்தபிறகு பார்ப்பதைவிட அந்த வயதில் பார்ப்பதுதான் பிரயோஜனம்.

மெஷின் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியோருக்குக் காது மெஷின், கண்ணாடி, ஊன்றுகோல் கொடுக்க 2017 முதல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. நல்லது. ஆனால் கொடுத்தால் மட்டும் வேலை முடிவதில்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், ஒரு காதுக்கு 18,000 ரூபாய். முதல் வாரம் அப்பா அதைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். பாத்திரம் விழுவது, காக்கை, பக்கத்து வீட்டு மிக்சி, எல்லாம் ஒரே அளவில் காதுக்குள் வந்து இடிக்கிறது, பேச்சு மட்டும் தனியாக வரவில்லை என்றார். நாகர்கோவிலுக்கு நான்கு தடவை போய்ச் சத்தத்தைத் திருத்தித் திருத்தி வைத்தார்கள். தினமும் அரைமணி, பிறகு ஒருமணி என்று பழக்கினோம். உப்புக்காற்றும் வியர்வையும் பட்டு ஒருமுறை நின்றே போனது. ராத்திரி கழற்றி ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்க வேண்டும் என்பதைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். முகாமில் வாங்கி வந்த மெஷினைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். வட்டத்துக்கு ஓர் இடத்திலாவது, மாதம் ஒருநாளாவது, மெஷினைச் சரிசெய்து பழக்கிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அப்பாவுக்கு மறதி கொஞ்சம் நிஜமாகவே இருக்கிறது, நரம்பியல் மருத்துவர் பார்த்து வருகிறார். வைத்த பொருளைத் தேடுகிறார், சில பெயர்கள் நழுவுகின்றன. ஆனால் காலையில் வானொலியில் மீனவர்களுக்கான வானிலையைக் கேட்டுவிட்டுக் கரைக்குப் போகிறார். சீட்டு மறுபடி தொடங்கிவிட்டது. தம்பியோடு போனில் பேசும்போது அம்மாவுக்கு முறை கிடைப்பதில்லை.

காதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், ஐயா. எழுதுகிறவர் எங்கள் பக்கம் வந்தால், அப்பாவைப்போல வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குளச்சல் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.