பூங்காவுக்குப் போகுமுன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் பிப்ரவரியில் மதுரைப் பக்கம் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாள் பல வீடுகளில் கையில் காசு புழங்காது என்பதை நினைத்தே தேதியை முன்னால் வைத்தோம். அப்படியும் பணம் கட்ட இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். பிள்ளையின் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வோம். பஸ் நேரம், சாப்பாடு பற்றிய விவரங்கள் இணைத்துள்ள படிவத்தில் உள்ளன. நான் எழுத வந்தது வேறு ஒரு காரியம்.

சென்ற ஆண்டு பஸ்ஸில் பாட்டும் கைதட்டலுமாக வந்த பிள்ளைகள், பூங்கா வாசலில் இறங்கியதும் சட்டென்று அடங்கிப்போனார்கள். ஒரு மாணவி மாற்றுத்துணி வைத்திருந்த மஞ்சள் பையை நான்காக மடித்துத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள். "எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் டீச்சர்" என்றாள். அவளுடைய தாய் தீவுப் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். சேலைக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைக்கிடையே மூச்சடக்கி வேலை செய்கிறவர். மகளும் நன்றாக நீந்துவாள். அன்றோ பூங்காவில் செயற்கையாக அலை எழுப்பும் அலைக்குளத்தின் ஓரத்தில் கணுக்கால் நனைய நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். வாடகைக்குக் கொடுத்த நைலான் உடை உடம்போடு ஒட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளைப் பார்த்து மூன்று தோழிகள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.

பருத்தித் துணியின் நூல் உதிர்ந்து குளத்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பதால் பூங்காக்களில் நைலான் உடை கேட்கிறார்கள். முழுக்கை, முழுக்கால் வைத்த நைலான் உடையும் கடைகளில் கிடைக்கிறது. விரும்புகிறவர்கள் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். தண்ணீரில் இறங்க மனமில்லாத பிள்ளையும், மாதவிடாய் நாளில் இருப்பவளும், வீட்டு வழக்கத்தால் இறங்காதவளும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களோடு ஓர் ஆசிரியை நாள் முழுவதும் இருப்பார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "கொடுத்த காசுக்கு ஒன்று விடாமல் ஏறிவிட்டு வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஆசையாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல் பிள்ளையின் தலையில் சுமையாக ஏறிக்கொள்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவன் சுழல் ராட்டினத்தில் ஏற மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கடலுக்குப் போகிறவர் மகனா நீ?" என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள். ஏறினான். இறங்கி வந்து வாந்தி எடுத்தான், அழுதான். அதைவிட, வாந்தி எடுத்ததை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஆசிரியரிடம் கெஞ்சினான். படகின் ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு ராட்டினத்தின் சுழற்சிக்கும் பழகியிருக்க வேண்டும் என்பதில்லை. கண் ஒன்று சொல்ல, காதின் உட்பகுதி வேறொன்று சொல்லும்போது குமட்டல் வருகிறது. அதில் தைரியத்துக்கும் கோழைத்தனத்துக்கும் இடமே இல்லை. ஒருவன் மாட்டேன் என்று சொன்னால் பேச்சு அங்கே முடிய வேண்டும். அவனைத் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, அப்பன் பேரைச் சொல்லிக் குத்தக் கூடாது. வகுப்பில் இதை நாங்கள் சொல்கிறோம். வீட்டில் நீங்களும் சொல்லுங்கள்.

ராட்டினத்தில் ஏறப் போட்டிருக்கும் உயரக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைக் கேலி செய்வதும் இதோடு சேர்ந்ததே. இடுப்புக் கம்பி சிறிய உடம்பை இறுகப் பிடிக்காது, நழுவிவிடும். அதற்குத்தான் அந்தக் கோடு. குளத்திலும் அப்படியே. நம் பிள்ளைகள் பாலத்திலிருந்தும் படகிலிருந்தும் குதித்துப் பழகியவர்கள். ஆழமில்லாத சிமென்ட் குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். காவலர் விசில் ஊதினால் நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களிடமும் கடமை இருக்கிறது. குளத்தில் நிற்கும் எந்தப் பெண்ணையும், அவள் உடையையும் உற்றுப் பார்ப்பதோ கைபேசியில் படம் எடுப்பதோ கூடாது. நம் வகுப்புத் தோழியே ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் கைபேசி பைக்குள் போக வேண்டும். கரடி வேடம் போட்டுக் கைகுலுக்குகிறவரின் தலையை இழுத்துப் பார்ப்பது சிலருக்கு விளையாட்டு. உள்ளே வெக்கையில் வேர்த்துக்கொண்டு நிற்பவர் ஒரு கூலித் தொழிலாளி.

அலைக்குளத்து நெரிசலில் யாராவது தகாத முறையில் தொட்டால் சத்தம் போட்டுவிட்டு நேராக ஆசிரியரிடம் வரும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். பையன்களிடமும் இதைப் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்குகிறது. வீட்டுக்கு வந்து அப்படி ஒன்றைச் சொன்னால், "நீ ஏன் அங்கே போய் நின்றாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

படிவத்தின் கடைசிப் பகுதியில் 'எனக்கு வேண்டாதவை' என்று ஓர் இடம் விட்டிருக்கிறோம். அதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே நிரப்பட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். எதுவும் எழுதாமல் விட்டாலும் சரி, அங்கே போய் மனம் மாறினாலும் சரி. கையொப்பமிட்ட படிவத்தை இம்மாத இறுதிக்குள் கொடுத்தனுப்புங்கள். நேரில் பேச விரும்புகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். வலை வேலை, பாசி வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வர முடியும் என்றால் சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்