எட்டும் ஒன்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணிதப் பகுதி புதிர்களோடு நின்றுவிடாமல் எண் கோட்பாட்டின் ஆழத்தையும் தொட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2, 3 ஆகிய பகா எண்களின் அடுக்குகளை மட்டும் பெருக்கிக் கிடைக்கும் எண்களில் அடுத்தடுத்து வருபவை (1, 2), (2, 3), (3, 4), (8, 9) ஆகிய நான்கு இணைகளே என்பதை 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த யூத அறிஞர் லெவி பென் கெர்சோன் நிறுவினார். அடுத்தடுத்த எண்களுக்குப் பொதுக் காரணி இல்லாததால், இத்தகைய இணையில் ஒன்று 2இன் அடுக்காகவும் மற்றது 3இன் அடுக்காகவும் இருக்க வேண்டும். 3இன் எந்த அடுக்கை 8ஆல் வகுத்தாலும் மீதி 1 அல்லது 3தான். ஆகவே அதனுடன் 1 கூட்டினால் 4க்கு மேற்பட்ட 2இன் அடுக்கு கிடைக்கவே கிடைக்காது. நிறுவலில் பாதி இவ்வளவில் முடிந்துவிடுகிறது. என் மாணவர்கள் இதைக் கரும்பலகையில் தாங்களே போட்டுப் பார்த்து வியந்திருக்கிறார்கள்.

இரண்டு பகா எண்களுக்குப் பதிலாக எத்தனை பகா எண்களை எடுத்தாலும் இத்தகைய இணைகள் முடிவுறு எண்ணிக்கையிலேயே இருக்கும். இதன் பின்னணியில் இருப்பது பெருக்கல் குலம், அதாவது பூச்சியமல்லாத எண்கள் பெருக்கலின் கீழ் அமைக்கும் அமைப்பு. அதை நீள்வட்ட வளைவு போன்ற அபீலியன் வகைமங்களோடு (புள்ளிகளை ஒன்றோடொன்று கூட்டக்கூடிய வடிவியல் உருக்களோடு) பிணைத்தால் கிடைப்பதே அரை-அபீலியன் அமைப்பு. சிலவகை வளைவுகளில் விகிதமுறு புள்ளிகள் முடிவுறு எண்ணிக்கையிலேயே இருக்கும் என்ற மோர்டெல் ஊகத்தை 1983இல் கணிதவியலாளர் ஃபால்டிங்ஸ் நிறுவிய செய்தியைப் பலர் அறிவர். அத்தகைய முடிவை அரை-அபீலியன் அமைப்புகள் வரை கொண்டுசென்ற கணிதவியலாளர் பால் வோய்ட்டாவின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றியும் தமிழில் எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்