மஞ்சளைப் பிரிக்கும் மகளுக்கு

குமுளி

அன்புள்ள பாப்பா,

மஞ்சளின் நிறப்பொருள்களைப் பிரிக்க நீ போட்ட சிலிக்காக் குழாயில் (காலம் குரோமட்டோகிராபி) நிறப் பட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தே இறங்கிவிட்டன என்று நேற்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். எனக்கு இரவெல்லாம் அதே நினைப்புதான்.

சிலிக்காத் தூளைக் கரைப்பானில் கூழாகக் கலக்கி ஊற்றினாயா? ஊற்றும்போது குழாயைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாயா? உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் பட்டை அந்த இடத்தில் சாய்ந்துவிடும். சாய்ந்த ஓரம் முன்னால் போகிற பொருளோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் எத்தனை டெஸ்ட் ட்யூபில் பிடித்தும் பயனில்லை. கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே ஒரு நிமிஷம்கூட இறங்கக் கூடாது. காய்ந்தால் விரிசல்தான்.

உன்னிடம் இருப்பது தொடுபுழைப் பக்கத்து மஞ்சள், நல்ல கெட்டி நிறம். அந்த நிறத்தில் மூன்று பொருள்கள் இருக்கின்றன, மூன்றும் அச்சு அசல் அக்கா தங்கைகள். மூத்தவள் குர்குமின்; அதில் மெத்தாக்சி என்ற அணுத் தொகுதி இரண்டு. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் என்ற இன்னொரு தொகுதியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் அந்த ஹைட்ராக்சில் சிலிக்காவை அவ்வளவாகப் பற்றுவதில்லை, குர்குமின் முதலில் இறங்குகிறது. ஒரு மெத்தாக்சி குறைந்தது அடுத்து வரும், இரண்டும் இல்லாதது கடைசி. வித்தியாசம் இவ்வளவுதான். அதனால்தான் அவசரம் ஆகாது என்கிறேன். கரைப்பானான குளோரோபாமில் மெத்தனாலை எடுத்த எடுப்பில் கூட்டினால் மூன்றும் ஒன்றாக ஓடி வந்துவிடும். முதலில் டி.எல்.சி. தகட்டில், அதாவது சிலிக்கா பூசிய சின்னத் தகட்டில் பார். ஆர்.எப். மதிப்பு (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) 0.2, 0.3 என்று வந்து, புள்ளிகளும் விலகி நின்றால் அந்தக் கரைப்பானே சரி.

சிலிக்கா டப்பாவைத் திறந்து போடாதே. கொச்சிக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் குடித்த சிலிக்காவுக்குப் பிடிப்பு குறைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஓவன் அடுப்பில் 110 டிகிரியில் சில மணி நேரம் வை. தூளைக் கொட்டும்போது மாஸ்க் கட்டாயம், காற்றை வெளியே இழுக்கும் ஹூடுக்கு உள்ளேதான் கொட்ட வேண்டும். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, பாப்பா. இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

லேபில் பெரிய மெஷின் இல்லையே என்று குறைப்படாதே. மிகயீல் ஸ்வெட் இலையின் பச்சையையும் மஞ்சளையும் சுண்ணக்கட்டித் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில்தான் பிரித்தார். 1906-இல் அதை எழுதி வெளியிட்ட அவர் ஒரு தாவரவியல்காரர். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

சனிக்கிழமை மறுபடி போடுவதாகச் சொன்னாயே, சாப்பிட்டுவிட்டு உட்கார். எந்த ட்யூபில் எது வந்தது என்று தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. சேர்ந்தே பார்ப்போம்.

அம்மா