மாஸ்டர் கிட்டாருக்கு என்ன விலை?

தூத்துக்குடி

அன்புள்ள ரவி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவள் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி கிடையாது. கிட்டாரில் அந்த எஃப் கார்டு விரல்பிடியை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொண்டாயா என்று நம் கிட்டார் மாஸ்டர் கேட்கச் சொன்னார்.

கடிதம் எழுதுவதே அவர் விஷயமாகத்தான். கிட்டாரை விற்கப்போகிறார். கை நடுக்கம் கூடிவிட்டது, சட்டைப் பொத்தானே அவர் மனைவி டீச்சர்தான் போட்டுவிடுகிறார். நாங்கள் இரண்டு பேரும் வாங்கிக்கொள்கிறோம் என்று உன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். "சந்தை விலை என்னவோ அதைக் கொடுங்க. ஒரு ரூபாய் அதிகமாக இருந்தாலும் தர மாட்டேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா? இதற்கிடையில் ஒரு கடைக்காரர் வந்து, கிட்டார் ஓட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், மூவாயிரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு லேபிள்டா! நிப்பான் காக்கி (Nippon Gakki) என்று போட்டிருக்கிறது. யமஹா கம்பெனிக்கு 1987 வரை அதுதான் பெயர். மாடல் எஃப்.ஜி.-180. 1966இல் யமஹா முதன்முதலில் கொண்டுவந்த இரண்டு ஃபோக் கிட்டார்களில் ஒன்று, ஜப்பானில் 18,000 யென்னுக்கு விற்றது. மற்றது எஃப்.ஜி.-150. அதைத்தான் 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு வாசித்தார். அதன் அண்ணனில்தான் நாம் கிறிஸ்துமஸ் கீதம் பழகியிருக்கிறோம்!

வருடம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி கிட்டாராக இருந்தால் கவலையே இல்லை. 1898இல் 8000 என்று எண் போட ஆரம்பித்தார்கள், அது வரிசையாக ஏறிக்கொண்டே போகிறது, பட்டியலைப் பார்த்தால் வருடம் கிடைத்துவிடும். யமஹாவில் எண் போடும் முறை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, காலத்துக்குக் காலம் வேறு. எண்ணை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இந்தச் சிவப்பு லேபிள் 1966இலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரைதான். அப்புறம்தான் கோயில் அலுவலகத்தில் மாட்டியிருக்கும் பாடகர் குழு போட்டோ ஞாபகம் வந்தது. 1971 என்று கீழே எழுதியிருக்கிறது. மாஸ்டர் மீசை இல்லாமல் நிற்கிறார், கையில் இதே கிட்டார், கிட்டாரின் தலையில் யமஹாவின் மூன்று இசைக்கவை முத்திரை தெளிவாகத் தெரிகிறது. ஆக, 1966க்கும் 1971க்கும் நடுவில். இதற்கு மேல் துல்லியம் விலைக்குத் தேவையில்லை.

விலையைத் தீர்மானிப்பது வயது இல்லை, நெக்தான், கிட்டாரின் அந்த நீளக் கழுத்து. நீள இரும்பு ஸ்கேலை நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து, ஸ்ட்ரிங் போய் முடிகிற பிரிட்ஜ் வரை தள்ளினேன். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பில் போய் உட்கார வேண்டும். இது ஒரு நூல் கீழே முட்டுகிறது. ஸ்ட்ரிங் இழுத்து இழுத்து நெக் மேலே வந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங் நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, இரண்டரை இருந்தால் போதும். பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்குகிற சேடிலை இன்னும் ராவிக் குறைக்கலாம் என்றால், யாரோ ஏற்கெனவே ராவிவிட்டார்கள், ராவ மிச்சமே இல்லை. நெக்கைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். இந்த மாடலில் பசை லேசில் விடாது என்று கை வைக்கவே தயங்குவார்கள். கூலி கிட்டார் விலையையே தின்றுவிடும்.

முன்பலகையான டாப்பில் ஒரு விரிசல்கூட இல்லை. ஸ்ப்ரூஸ் மரம்தான், ஆனால் ஒட்டுப்பலகை. முழுப்பலகையாக இருந்தால் விலை கூடியிருக்கும், நம் ஊர் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் எப்போதோ பிளந்தும் இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. சுருதி சேர்க்கும் ட்யூனர்களில் ஒன்று மாற்றியது. மற்றதெல்லாம் ஜப்பானிலிருந்து வந்த அதே சாமான்.

அம்பதாயிரம் கொடுத்துவிட்டு அதுதான் விலை என்று சொல்லிவிடலாம் என நீ சொல்வாய். வேண்டாம்டா. அவருக்குச் சுருதி அரைக்கால் பிசகினாலே தெரியும், இது தெரியாதா? நெட்டில் கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையை மட்டும் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தால் வெளிநாட்டில் சில நூறு டாலர் போகிறது. நெக் வேலையைக் கழித்தால் இருபதாயிரம் நியாயம் என்று எனக்குப் படுகிறது. லேபிள், போட்டோ, ஸ்கேல் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைக்கப்போகிறேன். கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். மூவாயிரத்துக்கு மட்டும் அது அவர் வீட்டுப் படி இறங்கக் கூடாது.

சென்னையில் உனக்குத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் நெக்கைக் கழற்றி மாட்ட என்ன கேட்பார், இந்த மாடலில் கை வைப்பாரா என்று இந்த வாரமே விசாரி. அவர் சொல்கிற தொகையைப் பொறுத்து என் இருபதாயிரம் கொஞ்சம் ஏறும், இறங்கும். உன் பங்கைத் தயாராக வை. டீச்சர் உனக்குக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த மாதம் வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
செல்வம்