ஹிக்ஸ் இல்லாவிட்டால் மிதப்போமா?

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "ஹிக்ஸ் துகள் இல்லாவிட்டால் புவியீர்ப்பு போய் நாமெல்லாம் மிதப்போமா?" என்று பாப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொன்னால் அரைகுறையாகிவிடும், அதனால்தான் கடிதம்.

மிதக்க மாட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடு.

2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகேயுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தபோது, 'எல்லாப் பொருளுக்கும் நிறை கொடுப்பது இதுதான்' என்று செய்தி பரவியது. அதில் கால்வாசிகூட உண்மை இல்லை. எலக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்களுக்கு ஹிக்ஸ் புலம் நிறை தருகிறது, சரி (எங்கும் பரவியிருக்கும் அந்தப் புலத்தில் எழும் அதிர்வுதான் ஹிக்ஸ் துகள்). ஆனால் நம் எடை கிட்டத்தட்ட முழுவதும் புரோட்டானிலும் நியூட்ரானிலும் அல்லவா இருக்கிறது! துகள்களின் நிறையை அளக்கும் அலகில் சொன்னால், ஒரு புரோட்டானின் நிறை 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க் மூன்றின் நிறையையும் கூட்டிப் பார், ஏறக்குறைய 9தான் வரும். மீதியெல்லாம் உள்ளே ஓயாமல் ஓடும் குவார்க்குகளின் ஆற்றலும், அவற்றை வெளியே விடாமல் கட்டிவைத்திருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான். அடைபட்ட ஆற்றல் வெளியிலிருந்து பார்க்கும்போது நிறையாகத் தெரிகிறது. நீ 70 கிலோ என்றால் ஹிக்ஸின் நேரடிப் பங்கு முக்கால் கிலோ தேறும். (70க்கு மேலே போய்விட்டாய் என்று உன் மனைவி சொல்கிறாள். அந்தப் பழியை ஹிக்ஸ் மேல் போட முடியாது.)

இனி ஈர்ப்பு. 1915இல் ஐன்ஸ்டீன் எழுதிய சமன்பாட்டில் ஈர்ப்புக்கு மூலம் நிறை மட்டும் இல்லை. ஆற்றல், உந்தம், அழுத்தம் எல்லாமே. அந்த ஆற்றல் ஹிக்ஸ் தந்ததா, குளுவான் தந்ததா என்று ஈர்ப்பு விசாரிப்பதே இல்லை. நிறையே இல்லாத ஒளிகூடச் சூரியன் அருகே வளைகிறது. 1919 மே 29 கிரகணத்தின்போது பிரின்சிபே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் அதைப் படமெடுத்து அளந்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள். 2016இல் ஏவினார்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள்: ஒன்று டைட்டானியம் கலவை, மற்றது பிளாட்டினம் கலவை. இரண்டின் அணுக்கருக்களிலும் நியூட்ரான் விகிதம் வேறு, கருவைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பாற்றலின் பங்கும் வேறு. ஈர்ப்பு ஆள் பார்த்து நடக்குமானால் அவை சற்றாவது வித்தியாசமாக விழ வேண்டும். ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. 2023இல் செர்னில் எதிர்ஹைட்ரஜனை, அதாவது எதிர்ப்பொருளால் ஆன ஹைட்ரஜனை, விட்டுப் பார்த்தார்கள். அதுவும் சமர்த்தாகக் கீழேதான் விழுந்தது.

அப்படியானால் ஹிக்ஸ் தேவையே இல்லையா என்று பாப்பா அடுத்துக் கேட்பாள், பார். எடைக் கணக்கில் அதன் பங்கு சிறியது, ஆனால் அது இல்லாமல் எலக்ட்ரானுக்கு நிறை இல்லை. எலக்ட்ரானின் நிறை குறையக் குறைய அணு பெரிதாகும். நிறை பூஜ்யமானால் அணுவே நிற்காது. மிதப்பதற்கு முதலில் ஆள் வேண்டுமே!

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல். துகள்களையும் அவற்றுக்கிடையிலான விசைகளையும் விளக்கும் திட்ட மாதிரி (ஸ்டாண்டர்ட் மாடல்) என்ற கோட்பாட்டில் ஈர்ப்புக்கு இன்னும் இடமே கிடைக்கவில்லை. ஒரு எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே மின்விசை ஈர்ப்பைவிட 1க்குப் பின்னால் 39 சைபர் போட்ட அளவுக்குப் பெரிது. ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. ஈர்ப்பைச் சுமப்பதாகச் சொல்லப்படும் கிராவிட்டானை யாரும் பிடித்ததும் இல்லை.

அவளிடம் ஒளி வளையும் கதையிலிருந்து ஆரம்பி, குவார்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மற்றவை ஞாயிற்றுக்கிழமை போனில்.

அன்புடன்,
அம்மா