இரவுச் சாதகம்: செம்பூரிலிருந்து நண்பனுக்கு

செம்பூர், மும்பை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நம் கல்லூரி மெல்லிசைக் குழு கலைந்தபோது விற்ற கிட்டாருக்கு ஈடாக, ஓய்வூதியப் பணத்தில் ஒரு புதிய எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிவிட்டாய் என்பதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அந்த வீட்டிலும் இனி இதே கதைதானா?" என்று கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேத்தி உறங்கிய பிறகுதான் உனக்கு நேரம் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் சுவர் ஒன்றே, ஆகவே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழகினால் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறாய். நன்றாகவே சரிப்படும். இடது கைக்கு அது நல்ல ஆசிரியர். வலது கையிடம் மட்டும் பொய் சொல்லும். அந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பழைய கட்டடத்தை ரீடெவலப்மென்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, செம்பூரிலேயே ஒரு வாடகை ஃப்ளாட்டுக்கு வந்திருக்கிறோம். பழைய வீட்டின் சுவர்கள் கனமானவை. மாலையில் ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியை, சற்று ஏற்றி வைத்து வாசித்தாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் செய்தி சேனல் பார்க்கிறார் என்பது எங்கள் ஹாலில் உட்கார்ந்தாலே தெரியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கான வரம்பு 45 டெசிபல்; பகலில் 55. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வதே ஏறத்தாழ 60 டெசிபல் வரும் என்றால், இரவில் ஆம்ப்புக்கு ஏது இடம்? எங்கள் சொசைட்டி செயலாளரின் கணக்கு அந்த விதிகளைவிடக் கடுமையானது என்பது வேறு விஷயம்.

ஹெட்ஃபோனை நேராகக் கிட்டாரில் செருகிப் பார்த்ததாகவும் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கிட்டாரில் பழுது இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருள்தான்; எஃகுத் தந்தி அதிரும்போது அதில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது, சுருளின் மின்தடையோ பல ஆயிரம் ஓம். 32 ஓம் ஹெட்ஃபோனை இயக்கும் வலிமை அதற்குக் கிடையாது. போதாததற்குக் கிட்டாரின் துளை மோனோ, ஒற்றைத் தட ஒலிக்கானது. அதில் ஸ்டீரியோ முனையைச் செருகினால், கேட்கிற அந்தக் கொஞ்ச ஒலியும் ஒரு காதில்தான் வரும். எனவே இடையில் ஓர் ஆம்ப் தேவை. கிட்டாரின் துளையிலேயே செருகிக்கொள்ளும், வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற, பேட்டரியில் ஓடும் ஹெட்ஃபோன் ஆம்ப் உனக்குப் போதும். நான் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை வைத்திருக்கிறேன். கணினியோடு பழகியவர்கள், கிட்டாரைக் கணினியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை விரும்புகிறார்கள். எதை வாங்கினாலும் கேபினெட் சிமுலேஷன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி, உண்டா என்று கேட்டுக்கொள். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மிகவும் மங்கிவிடும். ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷனின் கூரிய ஓசைகளை அதுதான் வடிகட்டித் தருகிறது. ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் காட்டிவிடுவதால், அந்த வடிகட்டல் இல்லாத டிஸ்டார்ஷன் காதுக்குள் குளவி புகுந்தாற்போல் இருக்கும். 6.3 மில்லிமீட்டர் முனைக்கும் 3.5 மில்லிமீட்டர் முனைக்குமான அடாப்டரை மட்டும் மலிவாகப் பார்த்து வாங்காதே. இங்கே லேமிங்டன் ரோட்டில் குவித்து விற்கப்படுகிறவற்றில் பல, தலையைத் திருப்பினாலே கரகரக்கின்றன.

உன் மகன் பரிசளித்த ப்ளூடூத் ஹெட்ஃபோனை இதற்குப் பயன்படுத்த முடியாது. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி ஏறத்தாழ 200 மில்லி விநாடி தாமதமாக வரலாம். விநாடிக்கு 343 மீட்டர் வேகத்தில் ஒலி செல்கிறது என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 69 மீட்டருக்கு அப்பால் ஆம்ப்பை வைத்துவிட்டு வாசிப்பதற்கு அது சமம். பாட்டுக் கேட்க அது இடைஞ்சல் இல்லை. மீட்டிய விரலுக்கு உடனே பதில் வராவிட்டால் தாளம் பிசகிவிடும். கம்பியுள்ள ஹெட்ஃபோனே வேண்டும். அதிலும் காதை முழுவதும் மூடி, பின்புறமும் அடைத்த வகையைத் தேர்ந்தெடு. பின்புறம் திறந்த ஓபன்-பேக் வகையின் ஒலி விரிவாகவும் இயல்பாகவும் இருக்கும் என்பது உண்மை. அந்த ஒலி அறைக்குள்ளும் கசியும் என்பதால் பேத்தி உறங்கும் வீட்டுக்கு அது ஆகாது. மூடிய வகையில் மே மாதப் புழுக்கத்தில் காது வியர்க்கும், பொறுத்துக்கொள்.

ஹெட்ஃபோன் மாட்டியவுடன் வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆம்ப் இல்லாத கிட்டாரின் தந்தியும் அதை மீட்டும் பிளெக்ட்ரம் வில்லையும் அதே அறையில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். ராகம் இல்லாமல் 'டிக் டிக்' மட்டும் கேட்பதுதான் பெரிய தண்டனை என்று என் மனைவி சொல்கிறாள். அதைவிட முக்கியம், கால். தாளத்துக்குத் தட்டும் குதிகால் ஸ்லாப் வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய்விடுகிறது. காலுக்கடியில் கனத்த ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுக்கொள். கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு; கட்டைகள் அடியில் முட்டும் அதிர்ச்சி ஸ்டாண்டின் வழியாகத் தரைக்குள் இறங்கும்.

இனி வலது கை. ஆம்ப்பின் முன் உட்கார்ந்து வாசிக்கும்போது, எவ்வளவு அழுத்தி மீட்டினால் எவ்வளவு ஒலி அறையை நிறைக்கும் என்ற கணக்கை உடம்பே கற்றுக்கொள்கிறது. ஹெட்ஃபோனில் ஒலி காதையொட்டி நிற்பதால், எவ்வளவு லேசாக மீட்டினாலும் நிறைவாகக் கேட்கிறது. போதவில்லையென்றால் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம், கை உழைக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கர் காற்றை அசைக்க, அந்தக் காற்று தந்தியைத் திரும்ப அசைக்க, ஸ்வரம் நீடித்து நிற்கும். ஹெட்ஃபோனில் அந்தத் தொடர்பு அறுந்துபோவதால் ஸ்வரம் சீக்கிரம் அடங்குகிறது. அதை ஈடுகட்டக் கம்ப்ரெஸர் போடத் தோன்றும். கம்ப்ரெஸரோ உரத்த மீட்டை அடக்கி மெல்லிய மீட்டை உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதன்மேல் எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் பூசிவிட்டால், அரைகுறையாக மீட்டியவனும் தன்னை வித்துவான் என்று நம்பிக்கொள்ளலாம். நீ ரிதம் வாசித்தவன். உன் வலது கையை நம்பித்தான் நம் குழுவே மேடையில் நின்றது. அந்தக் கையை மிஷினிடம் கொடுத்துவிடாதே.

ஆகையால் இரவில் நான் கம்ப்ரெஸரைத் தொடுவதில்லை. ஒலியளவுக் குமிழில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வாசிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தாண்டுவதில்லை. முடிக்கும் முன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அதே பகுதியை வெறும் தந்தியில் வாசிக்கிறேன். எந்த மீட்டு தடித்தது, எந்த மீட்டு நழுவியது என்பதை மறைக்க அங்கே எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஆம்ப்பைப் போட்டு, ஸ்ட்ரம்மிங்கும் அழுத்தமும் மட்டும் பழகுகிறேன். வலது கைக்கு உரிய வேளை அதுதான் என்பது என் முடிவு.

இடது கைக்கு இரவே உகந்த வேளை. மின்விசிறியிலும் தெருவிலும் மறைந்துபோகும் பிசகுகள் ஹெட்ஃபோனில் அப்பட்டமாகத் தெரிகின்றன: விரலை எடுக்கும்போது பக்கத்துத் தந்தி முனகுவது, ஃப்ரெட்டில் விரல் சரியாக ஊன்றாமல் எழும் இரைச்சல், ஜாரு போட்டு, அதாவது விரலைத் தந்தியில் வழுக்கிக்கொண்டு, ஏறும்போது சேர வேண்டிய ஸ்வரத்துக்கு மயிரிழை முன்பே நின்றுவிடுவது. கைபேசியில் ஒரு தம்பூரா செயலியை இறக்கி, அதன் ஒலியை ஆம்ப்பில் வெளி ஒலிக்கென உள்ள ஆக்ஸ் துளையில் சேர்த்துக்கொள். ஆம்ப்பில் ப்ளூடூத் வசதி இருந்தால் தம்பூராவை அதன் வழியாகவே அனுப்பலாம்; தம்பூராவுக்குத் தாளம் இல்லாததால் தாமதம் அதைப் பாதிக்காது. ஆனால் தம்பூராவை ஒரு காதுக்கும் கிட்டாரை மறு காதுக்குமாகப் பிரித்துவிடாதே. 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் கலந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி விம்மித் தணியும். சுருதி சேரச் சேர அந்த விம்மல் மெதுவாகி நின்றுபோகும். இரண்டும் ஒரே காதில் கலந்தால்தான் அது தெளிவாகத் தெரியும். பழைய பாட்டுகளின் ரிதத்தோடு நில்லாமல் மோகனத்தையும் கல்யாணியையும் ஒற்றைத் தந்தியில் இழுத்துப் பார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழக்கமான எட்டுத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களை வரவழைத்தவர். அவருடைய ஆலாபனையை அதே ஹெட்ஃபோனில் கேட்டால், ஒரு மீட்டுக்குள் இடது விரல் எத்தனை வேலை செய்கிறது என்பது விளங்கும்.

உன் ஆம்ப்பில் 'உம்' என்ற இரைச்சல் இருந்தால் பயப்படாதே. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும் திசையை மாற்றிப் பார். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் அதைப் போக்கும் ஹம்பக்கரை 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்ததே இந்தத் தொல்லையால்தான்.

காதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் வயதில் இழக்க அதிகம் மிச்சமில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. உரக்கக் கேட்கக் கேட்கக் காது மரத்து, இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லும். பென்சில் கோட்டுக்கு அதுவும் ஒரு காரணம். வாசித்து முடித்த பின் காதில் 'ஙொய்' என்று கேட்டால், மறுநாள் அந்தக் கோட்டைக் கீழே இறக்கி வரைய வேண்டும்.

எந்த ஆம்ப் வாங்கினாய் என்று தெரிவித்தால், அதில் குமிழ்களை எங்கே வைக்கலாம் என்று எழுதி அனுப்புகிறேன். ஜனவரியில் மும்பை வருவதாகச் சொன்னாயே, அது ஞாயிற்றுக்கிழமையை உள்ளடக்கிய பயணமாக இருக்கட்டும். தங்கைக்கும் பேத்திக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லீட் கிட்டார்